என்கோடரிடம் எப்படிக் கேட்பது: ஒரு நிட்டிங் யூனிட்டில் கிடைத்த விடை

படத்தின் அடியில் ஒரு பச்சைப் பட்டை. திருப்பூர் அவிநாசி சாலைப் பக்கம் பின்னல் துணி செய்யும் ஒரு நிட்டிங் யூனிட்டில் நாங்கள் பொருத்திய கேமராவின் பதிவு அது. சாயம் ஏறாத கிரே துணி வெள்ளையாக ஓடிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே இந்தப் பச்சை மட்டும் அசையாமல் நின்றது. பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். மிகச் சரியாக எட்டு வரிசைப் புள்ளிகள்.

பீளமேட்டில் இயங்கும் எங்கள் நிறுவனம் சிறியது. துணியைச் சோதிக்கும் மேசைக்கு மேலே கேமரா வைத்து, ஒவ்வொரு ரோலும் ஓடும்போதே பதிவுசெய்து வைக்கும் மென்பொருளைச் செய்கிறோம். பிறகு சாயப்பட்டறையிலிருந்து ஓட்டை என்றோ நீடில் லைன் (ஊசியால் விழும் நெடுங்கோடு) என்றோ புகார் வந்தால், குறை நிட்டிங்கிலேயே இருந்ததா, போன இடத்தில் வந்ததா என்று ரோல் எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு ரோலின் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை அந்தப் பதிவு தீர்மானிக்கிறது. பதிவில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம், தவறினாலும் எனக்குத் தூக்கம் வராது.

யூனிட்டுகளில் இருக்கும் கணினிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் சிப்புக்குள்ளேயே வீடியோ என்கோடர், அதாவது படங்களைச் சுருக்கி வீடியோவாக்கும் பகுதி, இருக்கும். இன்னொன்றில் தனி கிராபிக்ஸ் கார்டு. மற்றொன்றில் சிபியு மட்டும்தான். ஆகவே, ‘இந்தக் கணினியால் எதை என்கோட் செய்ய முடியும்’ என்று எங்கள் பதிவு நிரல் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஏபிஐ, அதாவது நிரலுக்கு நிரல் பேசும் வழி, தேவைப்பட்டது. அதை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் வடிவத்தை ஒரே மாலையில் எழுதினேன். எதையும் கொடுக்க வேண்டாம், கேட்டால் அந்தக் கணினிக்குத் தெரிந்த வீடியோச் சுருக்க முறைகளின் பட்டியல் வரும்: எச்.264, எச்.265, ஏவி1. அவ்வளவுதான். சில வாரங்கள் யாரும் குறை சொல்லவில்லை. பிறகு ஒரு யூனிட்டில் நொடிக்கு 60 ஃபிரேம் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடும் துணி, நொடிக்கு 30 ஃபிரேம் வைத்தால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். எங்கள் பட்டியல் ‘எச்.264 உண்டு’ என்றது; பதிவு தொடங்கியது; பாதி ஃபிரேம்கள் வந்து சேரவே இல்லை.

இரண்டாவது வடிவத்தில் ஒவ்வொரு என்கோடருக்கும் அதிகபட்ச அகலம், அதிகபட்ச உயரம், அதிகபட்ச வேகம் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) என்று மூன்று எண்களைச் சேர்த்தேன். இதுவும் தவறு என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது, ஏனென்றால் மூன்று எண்களும் தனித்தனியே உண்மை. எச்.264 ஒரு ஃபிரேமை 16×16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. 1280×720 என்றால் 80×45, அதாவது 3,600 கட்டங்கள். நொடிக்கு 30 ஃபிரேமுக்கு 1,08,000. எச்.264 தரநிலை திறனைப் படிப்படியான நிலைகளாக வகுக்கிறது; அதில் 3.1 என்ற நிலைக்கு நொடிக்கென வைத்திருக்கும் உச்சவரம்பும் அதே 1,08,000. முழு எச்டிக்கு (1920×1080) 120×68, ஆக 8,160 கட்டங்கள். 30 ஃபிரேமுக்கு 2,44,800. நிலை 4இன் வரம்பு 2,45,760 என்பதால் மயிரிழையில் தப்பிக்கிறது. அதையே 60 ஃபிரேமில் கேட்டால் 4,89,600, நிலை 4.2 வரை ஏற வேண்டும். அந்தக் கணினியின் என்கோடர் 1920 அகலம் தரும், 1080 உயரம் தரும், 720இல் என்றால் 60 ஃபிரேமும் தரும். மூன்றையும் ஒன்றாகத் தராது. என் அட்டவணையில் இதைச் சொல்ல இடமே இல்லை.

பச்சைப் பட்டையும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். 1080ஐ 16ஆல் வகுத்தால் 67.5 வருகிறது. அரைக் கட்டம் கிடையாது என்பதால் என்கோடர் 1088 வரை நிரப்பிக்கொள்கிறது. மிகுந்த எட்டு வரிசையை வெட்டிவிடச் சொல்லி வீடியோவின் தலைப்பகுதியில் ஒரு குறிப்பு வைக்க வேண்டும். அந்தக் கணினியின் டிரைவர் (என்கோடரை இயக்கும் மென்பொருள்) குறிப்பை வைக்காமல் விட்டுவிட்டது. நிரப்பியது வெறும் சுழி. ஒளி, நிறம் எல்லாம் சுழியாக இருந்தால் திரையில் அது பச்சையாகத்தான் தெரியும்.

அன்று மாலை யூனிட்டின் நிட்டிங் மாஸ்டர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, என்னதான் சிக்கல் என்று விசாரித்தார். ‘உன்னால் எச்.264 செய்ய முடியுமா என்று கேட்கிறோம் அண்ணா, முடியும் என்கிறது, செய்யும்போது திணறுகிறது’ என்றேன். அவர் உடனே சொன்னார்: ‘அம்மிணி, துணி ஓட்டுவீர்களா என்று போனில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? எத்தனை டயா, எத்தனை கேஜ், என்ன கவுண்ட், சிங்கிள் ஜெர்சியா ரிப்பா, எல்லாம் சேர்த்துச் சொன்னால்தானே எந்த மெஷினில் ஏற்றலாம் என்று பார்க்க முடியும்? வெறுமனே சரி என்று சொன்னால் நூல் வந்து இறங்கிய பிறகு சண்டைதான்.’

கோவைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே மூன்றாவது வடிவத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். இனி பட்டியல் கிடையாது, கேள்வி. கேட்பவர் தனக்கு வேண்டியதை முழுதாகக் கொடுக்க வேண்டும்: கோடெக் (சுருக்கும் முறை), புரொஃபைல் (அதன் உட்பிரிவு), அகலம், உயரம், வேகம், பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட்), புள்ளிகளின் வடிவம் (நிறம் குறிக்கப்படும் முறை). மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றும் படித்தேன். ஆண்ட்ராய்டில் அளவையும் வேகத்தையும் சேர்த்தே கேட்க ஒரு வழி இருக்கிறது. உலாவிகளில் இருக்கும் மீடியா கேபபிலிட்டீஸ் என்ற ஏபிஐ மூன்று பதில் தருகிறது: முடியுமா, தடங்கலின்றி ஓடுமா, மின்சாரம் சிக்கனமாகுமா. உலாவிகளின் மற்றோர் ஏபிஐயான வெப்கோடெக்ஸ் இன்னும் ஒன்று செய்கிறது; நாம் கொடுத்த அமைப்பில் தனக்குப் புரிந்ததை மட்டும் திருப்பித் தருகிறது. நாம் கேட்டதில் எது கண்டுகொள்ளப்படவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இதை முதலில் படித்தபோது அவ்வளவு நிறைவாக இருந்தது. எங்கள் பதிலிலும் அதைச் சேர்த்தேன், 1080 கேட்டால் 1088 ஆக நிரப்பப்படும் என்ற தகவலோடு.

அலுவலகத்தில் பெரிய விவாதம் ‘முடியாது’ என்பதற்குக் காரணம் சொல்வது பற்றி நடந்தது. உலாவிகள் இதில் அடக்கி வாசிப்பதற்குக் காரணம் உண்டு: கணினியைப் பற்றி அதிகம் சொன்னால் அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். எங்கள் மென்பொருள் யூனிட்டின் சொந்தக் கணினியில் ஓடுகிறது. அந்தப் பயம் இல்லை. காரணம் இல்லாத ‘முடியாது’ மேசையில் நிற்கும் ஆளுக்கு எந்த வழியும் காட்டாது என்று விடாப்பிடியாக நின்றேன். ‘தெரியாது’ என்ற மூன்றாவது பதிலும் அப்படிப் பிறந்ததே. டிரைவர் மழுப்பினால் நாமாக ‘ஆம்’ என்று ஊகிக்கக் கூடாது. ஒரு ஃபிரேமை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்க நேரம் பிடிப்பதால், விடையை டிரைவர் பதிப்போடு சேர்த்துச் சேமித்து வைக்கிறோம். பதிப்பு மாறினால் பழைய விடை செல்லாது.

கடைசியாக வந்தது எண்ணிக்கை. சில கிராபிக்ஸ் கார்டுகளில் ஒரே நேரத்தில் எத்தனை என்கோடிங் நடக்கலாம் என்பதற்கு டிரைவரே வரம்பு வைக்கிறது. மூன்று கேமராக்களுக்கும் தனித்தனியே ‘முடியும்’ வாங்கிவிட்டு மூன்றாவதைத் திறக்கும்போது கதவு மூடியிருக்கலாம். எனவே பல அமைப்புகளை ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்கும் வழியைத் தந்தோம். அப்போதும் விடை முன்பதிவு ஆகாது. கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் வேறொரு நிரல் இடத்தைப் பிடித்துவிடலாம். இதை ஆவணத்தின் முதல் பத்தியிலேயே எழுதி வைத்தேன்.

புதிய பதிப்பை அதே யூனிட்டில் ஏற்றினேன். திரையில் வந்தது: ‘1920×1080, 60: முடியாது. காரணம்: வேகம். 1920×1080, 30: முடியும், 1088 ஆக நிரப்பி 8 வரிசை வெட்டப்படும். 1280×720, 60: முடியும்.’ மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ‘அப்படியென்றால் மூன்றாவது மேசையை 720க்கு இறக்கி 60இல் விடுங்கள் அம்மிணி. அங்கே ஓடுவது லைக்ரா துணி, எனக்கு வேகம்தான் முக்கியம்’ என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் நடந்தார்.