ஆபத்துப் பட்டியலில் இல்லாத ஆடு

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுக் கள ஆய்வுக்கான படிவத்தை நிரப்பியபோது, எதிர்பார்க்கும் ஆபத்துகள் என்ற கட்டத்துக்குள் வெயில், சொறிமீன், திருக்கைமுள் என்று மூன்றை எழுதினேன். பெரியம்மாவின் ஆட்டைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. படிவத்துக்குத்தான் அது வெளிநாடு. எனக்கு அது பிறந்த யாழ்ப்பாணம், தங்குமிடமோ நாவாந்துறையில் பெரியம்மா வீடு.

காலையில் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போய், முழங்காலளவு தண்ணீரில் 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டம் ஒன்றைப் போட்டு, அதற்குள் அகப்படும் கடற்புல்லின் தண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் வேலை. குனிந்த தலை நிமிராமல் எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, மீன்பெட்டி கட்டிய சைக்கிளை நிறுத்திய ஓர் ஐயா, "தம்பி, மோதிரம் ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். இது பாசியல்ல, தண்ணீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கிற தாவரம், இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் இதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன என்று நான் விளக்கியதை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மோதிரம் விழேல்லை" என்று சொல்லி மிதித்துப் போனார்.

கடற்புல்லைச் சாதாளை என்றே சொல்லும் பெரியம்மாவின் கருத்து இன்னும் சுருக்கமானது. "இந்தச் சாதாளையை அள்ளவோ பிளேனில வந்தனீ?"

ஆய்வுகூட அடுப்பில் 60 பாகையில் உலர்த்தி நிறுப்பதற்கு முன் ஈரம் வடியட்டும் என்று, நன்னீரில் கழுவிய 12 மாதிரிகளையும் முற்றத்தில் ஒடியல் (பிளந்து காயவைக்கும் பனங்கிழங்கு) காய்ந்துகொண்டிருந்த பாயின் ஓரத்தில் வரிசையாகப் பரப்பி, மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலால் எழுதிய சீட்டை ஒவ்வொன்றின் மீதும் வைத்தேன். பிறகு பெரியம்மா போட்ட மூன்றாம் அகப்பைச் சோற்றை மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டு, அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து வந்தபோது ஏழு மாதிரிகள் இல்லை. ஆடு எட்டாவதில் நின்றது. அதன் வாயோரம் சீட்டின் ஒரு மூலை தொங்கியது. எவ்வளவு கழுவியும் உப்புச்சுவை மிச்சமிருந்திருக்க வேண்டும்.

என் சத்தம் கேட்டதும் ஓடிவந்த பெரியம்மா முதலில் ஒடியலை எண்ணிப் பார்த்தார். அதில் ஒரு துண்டும் குறையவில்லை.

கடற்புல்லைக் கடற்பசு மேயும் என்று நூல்களில் உண்டு. தரைவிலங்கு மேய்ந்ததை எந்தக் கட்டத்தில் பதிவது என்று என் பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். மீண்டும் எடுக்கவும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. மறுநாள் அதே இடத்தில் சட்டத்தோடு குனிந்தபோது, பாலத்துப் பக்கமிருந்து சைக்கிள் மணி கேட்டது.

"இன்னும் கிடைக்கேல்லையே தம்பி?"