பண்டிதர் ஐயா காட்டிய ழகாரம்

பள்ளியில் எனக்குப் படிப்பித்த பண்டிதர் ஐயாவின் மரண அறிவித்தல் சென்ற மாசியில் றொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த நாள் முதல், மூடிய வாய்க்குள் என் நா தானாகவே மேல்நோக்கி வளைந்து பார்க்கிறது.

1973இல், எட்டாம் வகுப்பில், வெள்ளிக்கிழமைப் பூசை முடிவில் ‘வான்முகில் வழாது பெய்க’ என்ற வாழ்த்துப் பாட்டைப் பாடும் முறை எனக்கு வந்தது. ‘வழாது’ என்பதை ‘வளாது’ என்று பாடினேன். மண்டபத்தின் பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்வரிசை வரை வந்தது; பாட்டை முடிக்காமலே இறங்கிவிட்டேன். சிரித்தவர்களும் வீட்டில் ‘பளம்’, ‘மளை’ என்றே பேசினார்கள் என்பது அன்று எனக்கு ஆறுதலாக இல்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் ஐயா என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியத்தின் பிறப்பியலை என் வாய்க்குள்ளேயே காட்டினார். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என்று சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லச் சொன்னார், மகரம் அடைபட்டுப்போயிற்று. மிடற்றில் விரல் வைத்து அகரத்தை நீட்டச் சொன்னார். வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு 100 தடவைக்கு மேல் அதிர்கின்றன என்பதை இங்கு வந்த பின்புதான் படித்தேன். அந்த அதிர்வை என் விரல்நுனி அன்றே அறிந்திருந்தது.

பிறகு ளகாரத்தைச் சொல்லி, நாவை அவ்விடத்திலேயே நிறுத்தி, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்.

“எவடம் குளிருது, தம்பி?”

நாவின் விளிம்புகள் குளிர்ந்தன. நுனி அண்ணத்தில் ஒட்டியிருந்ததால் காற்றுக்குப் பக்கவழிதான் இருந்தது.

“இனி நுனியை வளைச்சுத் தூக்கும். ஒட்டவிடாதையும். இழுத்துப் பாரும்.”

இம்முறை நாவின் நடுவே குளிர்ந்தது. நாநுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடுவதைச் சொல்லும் ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்ற பிறப்பியல் அடி அந்தக் குளிர்ச்சியோடுதான் இன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது. அடுத்த தவணையில் வான்முகிலை முழுதாகப் பாடினேன்.

1984இல் ஊரை விட்டுப் புறப்பட்ட விடியற்காலையில், ஐயாவின் ஒழுங்கையைக் கடந்தேதான் பஸ் ஏறப் போனேன். படலையைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. இங்கே பிறந்த என் பேத்தி, ஆங்கிலத்தின் ‘ஆர்’ ஒலிக்காக நாநுனியை மேலே வளைத்து எங்கும் ஒட்டாமல் நிறுத்துகிறாள். அதே இடத்திலிருந்து ‘மழை’ என்று சொல்லச் சொன்னேன். முதல் தடவையிலேயே ழகாரம் வந்தது. எனக்கு ஒரு தவணை எடுத்த ஒலி அது. இதை ஐயாவுக்கு எழுத வேண்டும் என்று வாங்கிவைத்த விமானத்தபால் உறை இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது.