காந்திக்கு ஐந்தரை மணிக்கே சாப்பாடு

சிங்கப்பூரில் ஏப்ரல்தோறும் நடக்கும் தமிழ்மொழி விழாவுக்காக எங்கள் வட்டாரத்தில் ஒரு கற்பனை விருந்து நடத்தினோம். புகழ்பெற்றவர்கள் யாரை வேண்டுமானாலும் ஒரு மேசைக்கு அழைக்கலாம். வட்டாரப் பிள்ளைகள் அவர்களாக வந்து உட்கார்ந்து பேசுவார்கள், சாப்பாடு மட்டும் நிஜம். பொறுப்பு என் தலையில் விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகும் எரிச்சல் முழுசாக அடங்கவில்லை. அடுத்த ஏப்ரலில் யாராவது இதே யோசனையோடு கிளம்பினால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பிள்ளைகளைச் சேர்த்தது, பெற்றோரிடம் சம்மதம் வாங்கியது, ஒத்திகை எல்லாம் தொல்லையில்லாமல் நடந்தன. தகராறு பட்டியலில் தொடங்கியது.

முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர், "எம்ஜிஆர் இல்லாமல் என்ன விருந்து?" என்றார். எம்ஜிஆர் வந்தால் சிவாஜியும் வந்தாக வேண்டும். இருவரில் யாருக்கு நடு நாற்காலி என்பதிலேயே அன்றைய கூட்டம் போயிற்று. அடுத்த கூட்டத்துக்குக் கையோடு விதிகளைக் கொண்டுபோனேன். நடிகர்கள் கிடையாது. உயிரோடு இருப்பவர்கள் கிடையாது. பாதிப் பேராவது சிங்கப்பூரில் வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும். இரண்டாவது விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். உயிரோடு இருப்பவர் பெயரைச் சொன்ன அடுத்த நிமிடம், "அவரையே நேரில் கூப்பிடலாமே, அவர் மச்சானை எனக்குத் தெரியும்" என்று ஒருவர் கிளம்புவார்.

உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி ஐன்ஸ்டைனைக் கேட்டாள். 1922 நவம்பரில் ஜப்பான் போகும் வழியில் அவர் இங்கே இறங்கியிருக்கிறார் என்று ஆதாரத்தோடு வந்தாள். வழியில் இறங்கியவரை வாழ்ந்தவர் கணக்கில் சேர்க்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அதே கூட்டம்தான் சிங்கப்பூர்ப் பக்கமே வராத கணிதமேதை இராமானுஜனை, வெளியூர் ஒதுக்கீட்டில் கைதட்டிச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஒளவையார் வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். எந்த ஒளவையார் என்று நான் கேட்டபோதுதான் சத்தம் கூடியது. கூட்டத்துக்கு வேண்டியது கையில் கோலூன்றி நீதி சொல்லும் பாட்டி. எனக்கு வேண்டியதோ அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவர், அதியமானோடு உட்கார்ந்து கள் குடித்துப் பாடியவர், அவன் செத்தபோது, கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அழுதவர். விருந்து மேசைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் தமிழில் கிடையாது. ஆனால் மண்டபத்தில் மதுவின் பேச்சே எடுக்கக்கூடாது. கடைசியில் கள்ளுக்குப் பதில் இளநீர் என்று ஒப்புக்கொண்டு சங்க ஒளவையையே கொண்டுவந்தேன். கோலையும் கொடுக்கவில்லை.

பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை. விருந்தளிக்கும் பிள்ளைக்கு ஒன்று போக ஒன்பது இடம். ஒளவையார், காந்தி, இராமானுஜன், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் 1819ல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா, 'தமிழ் முரசு' நிறுவிய கோ. சாரங்கபாணி, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், போர்க்கால வீராங்கனை எலிசபெத் சோய், நேதாஜி படையின் கேப்டன் லட்சுமி. துணைவியரையும் அழைப்பதுதானே மரியாதை என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். சாரங்கபாணியின் மனைவி பெரானாக்கான் சீனர், ராஜரத்தினத்தின் மனைவி ஹங்கேரிக்காரர். இருவரும் வந்திருந்தால் மேசைப் பேச்சே வேறு திசையில் போயிருக்கும். நாற்காலி இல்லை என்ற ஒரே காரணத்தால் அதைக் கைவிட்டோம். இன்றும் எனக்கு அது ஒரு குறைதான்.

அப்புறம் படிவம்.

மண்டபத்துக்கான படிவத்தில் விருந்தினர் பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, 'சிறப்பு விருந்தினர்'. ஒன்பது பெயரும் அங்கேதான் போயாக வேண்டும். முகப்பில் இருந்த இளைஞர் படித்துப் பார்த்துவிட்டு இவர்களுடைய தொடர்பு எண்கள் எங்கே என்றார்.

"இவர்கள் இறந்துவிட்டார்கள்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "அப்படியென்றால் நிகழ்ச்சிக்கு யார் வருகிறார்கள்?"

விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் விடுப்பில் இருப்பதால் அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் போனால் முகப்பில் வேறு ஆள், முதலிலிருந்து அதே கதை. இவருக்கு விருந்தினர்கள் இறந்ததில் ஆட்சேபம் இல்லை. குழுத் தலைவர் கையெழுத்து மட்டும் இல்லையாம். தலைவரோ வார இறுதிக்கு மலேசியாவின் ஜொகூர் போய்க் கடற்பாலத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்தோடு மறுபடி போனபோது, காட்சிக்கு வைக்கும் படங்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்று தனித்தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும்.

படங்களில் சிக்கல் பழைய ஆட்களுக்குத்தான். ஒளவையாருக்கு ஏது புகைப்படம்? தொடக்கநிலை இரண்டு படிக்கும் ஒரு பையன் வரைந்து கொடுத்தான், 'ஆதாரம்: வரைந்தவர்' என்று எழுதினேன். நாராயண பிள்ளைக்கும் முன்ஷி அப்துல்லாவுக்கும் 2019ல் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சிலை வைத்தார்கள் இல்லையா, அப்போது நண்பர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படங்கள் கைகொடுத்தன. நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால் என் பேச்சைக் கேளுங்கள். சிறப்பு விருந்தினர் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள். பெயர்களை இணைப்புத் தாளில், 'நாடகப் பாத்திரங்கள்' என்று தலைப்பிட்டுக் கொடுங்கள். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதற்குள் காந்தி ஒரு வெடியைப் போட்டார். எங்களுக்குக் கிடைத்த நேரம் இரவு ஏழரை. காந்தியாக நடிக்கும் பையனுக்குப் பேச்சு எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தச் சபதம் ஞாபகம் வந்தது. 1915ல் ஹரித்வார் கும்பமேளாவின்போது, ஒரு நாளில் ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பிறகு உண்பதேயில்லை என்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஏழரைக்கு இலை போட்டால் காந்தி வெறும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழுவில் ஓய்வுபெற்ற ஒருவர், "சபதம் இந்தியாவில் இருக்கும்போது மட்டும்தான், இது சிங்கப்பூர்" என்று சட்டம் பேசினார். சொன்னது சரிதான், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

மாலை ஐந்தரைக்கு மண்டபம் கரவோக்கே குழுவின் கையில் இருந்தது. அலுவலகத்தில் கேட்டால் மாற்ற வழியே இல்லை என்றார்கள். நேரே அந்தக் குழுத் தலைவியான சீன ஆன்ட்டியிடம் போனேன். யாருக்காக என்று கேட்டார். காந்திக்கு, இருட்டினால் சாப்பிட மாட்டார் என்றேன். "ஆ, காந்தி! சரி லா, நாங்கள் ஏழரைக்குப் பாடிக்கொள்கிறோம்" என்றார். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. வாரக்கணக்கில் அலுவலகத்தில் நகராதது இங்கே நகர்ந்தது. நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் முகப்புக்குப் போகாதீர்கள், நேரத்தை வைத்திருப்பவரிடமே போங்கள்.

உணவு அடுத்த தலைவலி. மண்டபத்துக்குள் ஹலால் சான்றிதழ் உள்ள நிறுவனத்தின் சாப்பாடு மட்டும்தான் வரலாம். முன்ஷி அப்துல்லாவுக்கு அதில் மகிழ்ச்சி. ஆனால் கேம்பிரிட்ஜில் கல்லூரிச் சமையலைத் தொடாமல் தன் அறையில் தானே பொங்கிச் சாப்பிட்ட இராமானுஜன் பொதுச் சமையலைத் தொடுவாரா? அதோடு அவரிடம் ஒரு ரசக்கதையும் இருக்கிறது. நண்பரையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் அழைத்து விருந்து வைத்தார். மூன்றாம் தடவை ரசம் வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னதும் எழுந்து போனவர் திரும்பவேயில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. இந்தக் காட்சியை விட எனக்கு மனமில்லை. காட்சிக்கு ஏராளமாக ரசம் வேண்டும். உணவு நிறுவனமோ ஆளுக்கு ஒரு கிண்ணம் என்று கணக்குப் பண்ணியது. வீட்டிலிருந்து எடுத்துவரலாம் என்றால் வெளிச்சமையலுக்குத் தடை. மேடைப் பொருட்களின் பட்டியலில் 'அடுக்குச்சட்டி ஒன்று, உள்ளே ரசம்' என்று எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தித் தந்துவிட்டார்கள்!

யாரை எங்கே உட்கார வைப்பது என்பதற்குத்தான் நான் உண்மையிலேயே யோசித்தேன். நாராயண பிள்ளையும் முன்ஷி அப்துல்லாவும் பக்கத்தில் பக்கத்தில், இருவருக்கும் ராஃபிள்ஸைப் பற்றிப் பேச எவ்வளவோ உண்டு. முன்ஷிக்குத் தமிழும் மலாயும் தெரியும் என்பதால் மேசைக்கே மொழிபெயர்ப்பாளராகிவிட்டார். சாரங்கபாணியும் ராஜரத்தினமும் பத்திரிகைக்காரர்கள், அந்த மூலையைப் பற்றிக் கவலையில்லை.

எலிசபெத் சோய்க்கும் கேப்டன் லட்சுமிக்கும் எங்கே இடம் போடுவது? 1943 அக்டோபரில் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தபோது லட்சுமி அதில் அமைச்சர். அந்த அரசுக்குத் துணை நின்றது, அப்போது சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான். அடுத்த மாதமே அதே ஊரில் எலிசபெத் சோயை ஜப்பானிய இராணுவப் போலிஸ் பிடித்துக்கொண்டுபோய் ஏறக்குறைய 200 நாள் அடைத்துவைத்துச் சித்திரவதை செய்தது. அவர் கணவரோடு மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டு, சிறைப்பட்டிருந்த பிரிட்டிஷ்காரர்களுக்குப் பணமும் மருந்தும் ரகசியமாக அனுப்பியவர். குழுவில் சிலர் நேதாஜியையே அழைக்கச் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. அவர் வந்தால் மேசை அவருடைய கூட்டமாகிவிடும், எலிசபெத் சோய் பேச இடமிருக்காது. லட்சுமி அப்படியில்லை, இதே ஊரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர். இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்கச் சொன்னார்கள். நான் எதிரெதிரே வைத்தேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கனமான விஷயம் என்று ஒரு பெற்றோர் என்னிடம் கோபித்துக்கொண்டார். பிள்ளைகள் கோபிக்கவில்லை. எலிசபெத்தாக வந்த மாணவி ஒத்திகையில் எழுதித் தராத ஒரு கேள்வி கேட்டாள்: "எங்கள் பக்கம் நடந்தது உங்களுக்கு அப்போது தெரியுமா, டாக்டர்?" ஐன்ஸ்டைனைக் கேட்டவளேதான். லட்சுமிக்குப் பதில் வரவில்லை. அப்படியே விடச் சொன்னேன், விருந்தன்று மாலையும் அப்படியே விட்டார்கள்.

மற்றபடி மாலை நன்றாகவே போனது. ஐந்து பொருள் கணக்கில் காந்திக்குச் சோறு, பருப்பு, வெள்ளரிக்காய், வாழைப்பழம், ஆட்டுப்பால். சூரியன் மறைவதற்குள் முடித்துவிட்டு, வேடம் கலைத்ததும் அந்தப் பையன் கோழிப் பிரியாணிக்கு ஓடினான். ஒளவையார் இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். இராமானுஜன் மூன்றாம் கரண்டி ரசத்தை ராஜரத்தினத்திடம் நீட்டினார், அவர் வேண்டாம் என்றார், இவர் விருட்டென்று எழுந்தார், அடுக்குச்சட்டி தரைவிரிப்பில் கவிழ்ந்தது. கூட்டம் அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டியது.

மண்டபத்துக்குக் கட்டிய வைப்புத்தொகை இன்னும் திரும்பவில்லை. விரிப்பைச் சுத்தம் செய்த செலவைக் கழிக்க வேண்டுமாம். அதற்கும் தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் மறுபடியும் ஜொகூரில்.