தட்டுவடை செட்டும் பச்சைத் தொட்டியும்

மாம்பழ சீசன்ல எங்க வீட்டுல மக்கும் குப்பை போடுற பச்சைத் தொட்டி முழுக்க மாங்கொட்டைதான். நேத்து குப்பை வண்டி அக்கா மூடியைத் திறந்து, "ஏங்கண்ணு, இதுல பிளாஸ்டிக் தட்டு எப்படி வந்துச்சு?"ன்னாங்க. தட்டுவடை செட் வாங்கின தட்டு; ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காயும் சட்னியும் வச்சுத் தர்ற எங்க சேலத்துத் தீனி அது. புதினாச் சட்னி காஞ்சு ஒட்டியிருந்துச்சு. போட்டது நான்தான், என்னத்தைச் சொல்ல!

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பைன்னு மூணாப் பிரிச்சுத்தான் கொடுக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலேயே சொல்லியிருந்தாங்க. அந்தத் தட்டுக்கே 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டுல தடை. ஊர்ல எத்தனை உரக்கூடம் கட்டினாலும் ஒரு தொட்டியில பிளாஸ்டிக் கலந்தா அதைக் கையாலதான் பொறுக்கணும். யார் கை? அந்த அக்கா கைதான். சேலம் எருமாபாளையம் குப்பைக் கிடங்குல மலையாக் குவிஞ்சதெல்லாம் இப்படிக் கலந்து போட்டதுதானே.

இன்னைக்கு எவர்சில்வர் தட்டோட போனேன். கடைக்கார அண்ணன் சிரிச்சுட்டே கொஞ்சம் நொறுக்கல், அதான் தட்டுவடையை நொறுக்கிக் கலக்குறது, சேர்த்துப் போட்டாரு.