என்ஜின் நம்பர்

படகு உரிமையாளர்களுக்காக அவர்களுடைய பாய்மரப் படகை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அவர்கள் விமானத்தில் வந்துவிடுவார்கள். படகோடு கடலில் வருவது நாங்கள் மூன்று நான்கு பேர். என்னைப் பார்ப்பவர்கள் புயலைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு நெஞ்சு படபடப்பது என்னவோ, கரையேறி, ஃபைலை அதிகாரியின் மேசையில் வைக்கும் அந்த நிமிடத்தில்தான்.

சில வருடங்களுக்கு முன், பதினோரு நாள் கடலில் இருந்துவிட்டு ஒரு தீவுத் துறைமுகத்துக்குள் நுழைந்தோம். மஞ்சள் நிற 'கியூ' கொடியை ஏற்றினோம். 'எங்கள் படகில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள்' என்று அதற்குப் பொருள். மற்றவர்கள் படகிலேயே இருக்க, ஸ்கிப்பரான, அதாவது படகின் தலைவரான, நான் மட்டும் கரையேறினேன். பதிவுச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், முந்தைய துறைமுகம் கொடுத்த புறப்பாட்டு அனுமதி, ஆட்களின் பட்டியல், பாஸ்போர்ட்டுகள், உரிமையாளர் நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் எல்லாம் இருந்தன. அத்தனையும் அசல்.

கஸ்டம்ஸ் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். அப்புறம் படகைப் பார்க்க வேண்டும் என்றார். வந்தவர் நேராக என்ஜின் மூடியைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, அதிலிருந்த தகட்டைப் படித்தார். சான்றிதழில் இருந்த என்ஜின் நம்பர் வேறு. தகட்டில் இருந்தது வேறு.

உரிமையாளர் இரண்டு வருடத்துக்கு முன் என்ஜினை மாற்றியிருக்கிறார். பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாள் நின்றோம். என்ஜின் வாங்கிய ரசீதை அவர் தேடி அனுப்பும்வரை படகு அசையக்கூடாது என்று உத்தரவு. எங்களில் ஒருவர் வாங்கி வைத்திருந்த விமான டிக்கெட் வீணானது.

முதல் நாள் கோபம் வந்தது உண்மை. இரண்டாம் நாள் யோசித்தபோது அந்த அதிகாரியின் பக்கம் நியாயம் இருப்பது புரிந்தது. ஒரே அச்சில் வார்த்த நூற்றுக்கணக்கான படகுகள் கடலில் ஓடுகின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். பின்புறம் வலது பக்கத்தில் பொறித்திருக்கும் ஹல் நம்பரும் (படகின் உடலுக்குரிய அடையாள எண்), என்ஜின் நம்பரும், கையிலுள்ள காகிதமும் ஒன்றையொன்று ஒத்துப்போனால்தான் இது இன்னாருடைய படகு என்று சொல்ல முடியும். ஒத்துப்போகாவிட்டால் திருட்டுப் படகா, வரி கட்டாமல் கொண்டுவந்த என்ஜினா என்று சந்தேகப்படுவது அவருடைய கடமை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் கப்பலின் அடையாளத்துக்குக் காகிதத்தைக் கேட்கிறது. எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிட உரிமை இருக்கிறதோ, அந்த நாட்டைச் சேர்ந்தது கப்பல். அந்த உரிமைக்கான ஆவணத்தை அந்த நாடு தர வேண்டும். எந்த நாட்டையும் சேராதது என்று சந்தேகம் வந்தால், நடுக்கடலில்கூடப் போர்க்கப்பல் நிறுத்திச் சோதிக்கலாம்.

அதிலிருந்து, காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நான் நிறுத்துவதில்லை. ஒவ்வொன்றையும் மற்றதோடு வைத்துப் படிக்கிறேன். இன்ஷூரன்ஸில் படகின் பழைய பெயர் இருக்கும். போகப்போகும் கடல் பகுதி அந்த பாலிசியின் எல்லைக்கு வெளியே இருக்கும். இவற்றைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ரேடியோவும், ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் அவசரகால பீக்கனும். ரேடியோவின் எம்.எம்.எஸ்.ஐ. என்பது படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எண். சாதாரணமாக அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். படகை வேறு நாட்டவர் வாங்கிக் கொடியை மாற்றினால் இந்த எண்ணும் மாற வேண்டும். பலர் மாற்றுவதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் பழைய உரிமையாளர் பெயரிலேயே பதிவாகியிருக்கும். படகு மூழ்கும் நேரத்தில் அது சிக்னல் அனுப்பினால், மீட்பு மையம் முதலில் போன் செய்வது பதிவில் உள்ள எண்ணுக்குத்தான். எடுப்பவர் 'அந்தப் படகை விற்று நாளாகிவிட்டதே' என்பார். நாங்கள் தண்ணீரில் கிடப்போம். இதைக் காகித வேலை என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்குப் பொறுக்காது.

நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நியூசிலாந்துக்கு 48 மணி நேரம் முன்பே வருகையைத் தெரிவிக்க வேண்டும். ஸ்பானிஷ் பேசும் பல நாடுகளில் முந்தைய துறைமுகத்தின் 'சார்பே', அதாவது புறப்பாட்டு அனுமதி, இல்லாமல் பேச்சே தொடங்காது. ஐரோப்பாவில் அடிக்கடி பார்க்கும் குழப்பம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகை, வெளியில் வசிப்பவர் கொண்டுவந்தால் வரியில்லாமல் 18 மாதம் வரை வைத்திருக்கலாம். ஆனால் அவர் விசா இல்லாமல் ஷெங்கன் பகுதிக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்) வருபவர் என்றால், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் தங்கலாம். படகுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு வேறொரு கணக்கு.

இப்போதெல்லாம் வேலையை ஒத்துக்கொள்ளும் முன் சான்றிதழின் நகலையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு படகுக்குப் போகிறேன். ஹல் நம்பர், என்ஜின் நம்பர், பீக்கன் நம்பர் எல்லாவற்றையும் படம் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுகிறேன். போன மாதம் ஒரு படகில் ஹல் நம்பரின் இரண்டு எண்கள் சான்றிதழில் இடம் மாறி அச்சாகியிருந்தன. இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை, இப்போது மட்டும் என்ன ஆகிவிடும் என்றார் உரிமையாளர். நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. அவருக்கு வருத்தம்தான். ஒன்பது நாள் கழித்துத் திருத்திய சான்றிதழ் கைக்கு வந்தது. அதன்பிறகுதான் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.