இழுப்பது எது என்று கேட்ட ஐயா

தாவரவியல் ஐயா காலமான செய்தி சிங்கப்பூரில் என்னை எட்டியபோது, நம் பழைய மாணவர்களின் இந்த மலருக்கு எதை எழுதுவது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. கும்பகோணத்தில் அவரிடம் படித்தவர்களுக்கு செல் பிரிவைப் பார்க்க நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் வெங்காய வேர்நுனியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அசிட்டோகார்மைன் என்னும் சாயத்தின் வாடையும், வேர்நுனியை நசுக்க ஒற்றுத்தாளின் மேல் பெருவிரலை அழுத்தும் நொடியும் நம் அனைவருக்கும் பொது.

செல் பிரிவின் நிலைகளை வரிசையாக ஒப்பித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும் காலம் அது. ஐயாவுக்கு அது போதாது. மரபுச் செய்தியைத் தாங்கும் 16 குரோமோசோம்களும் வெங்காயச் செல்லின் நடுவில் வந்து நிற்பதைக் காட்டிவிட்டு, "இவற்றை இழுப்பது எது?" என்று கேட்பார். பிரியும் செல்லில் நூல்களாகத் தெரியும் கதிர் இழைகள் என்பவை செல்லைக் கொன்று பதப்படுத்துவதால் உண்டாகும் வெறும் தோற்றம் என்று பலர் ஐயுற்றிருந்ததையும், 1953இல் ஷின்யா இனோவே என்ற ஆய்வாளர் உயிருள்ள செல்லிலேயே அவற்றைக் காட்டியதையும் அவர் சொல்லும்போது குரல் உயரும். குரோமோசோம்களின் பங்கீட்டில் ஒன்றுகூடத் தவறக் கூடாது என்பார். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவோ, கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பிரியும் நீரைப் போல, ஏறத்தாழத்தான் பங்காகும் என்பார்.

அவர் கேள்விக்குரிய முழு விடையை நான் பிற்பாடுதான் படித்தேன். டியூபுலின் என்னும் புரதத்தாலான நுண்குழல்களே அந்தக் கதிர் இழைகள்; அவை செல்லின் இரு முனைகளான துருவங்களிலிருந்தும் நீண்டு ஒவ்வொரு குரோமோசோமையும் எதிரெதிர்த் திசைகளில் பற்றுகின்றன. ஒன்றே ஒன்று பற்றப்படாமல் நின்றாலும் செல் காத்திருக்கிறது. எல்லாம் பற்றப்பட்ட பின்னரே ஒவ்வொரு குரோமோசோமின் இரு நகல்களையும் பிணைத்திருக்கும் கொஹீசின் என்னும் புரதம் அறுபடுகிறது. நுண்குழல்கள் முனையில் உதிர்ந்து குறுகக் குறுக, குரோமோசோம்கள் துருவங்களை நோக்கி நகர்கின்றன. தனியே இழுக்கும் கயிறு எதுவும் அங்கே இல்லை. பற்றிய குழல் கரைவதே பெரும்பாலும் இழுவிசையாகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

ஒருமுறை வேதாரண்யம் பக்கத்திலிருந்து கண்வலிக் கிழங்கு கொண்டுவந்து, அதிலுள்ள கால்ச்சிசின் என்னும் மருந்து இந்தக் கதிர் இழைகளை உருவாகவிடாமல் தடுக்கும் என்று சொன்னார். 1967இல் பொரிசி, டெய்லர் என்ற ஆய்வாளர்கள் அந்த மருந்து எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்று தேடியே டியூபுலினைக் கண்டடைந்தார்கள். இங்குள்ள ஆய்வகத்தில் நோயாளிகளின் இரத்தச் செல்களில் 46 குரோமோசோம்களை எண்ணுவதற்காக, அதே வகை மருந்தைச் சேர்த்துப் பிரிவை நடுவில் நிறுத்துவதே என் தொழிலாகிவிட்டது.

ஓய்வு பெற்ற ஆண்டில், ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள நம்மவர் ஒருவர் வந்தால் நன்றாயிருக்கும் என்று ஐயா எனக்குக் கடிதம் எழுதினார். வேலையும் பிள்ளைகளின் படிப்பும் சொல்லி மறுமொழி அனுப்பினேன். அவர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான்தான் இன்னும் அதற்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறேன்.