கடற்கரையில் பேனர் இழுத்துப் போகும் விமானங்கள்

நியூ ஜெர்சி ஓஷன் சிட்டி கடற்கரையில் மகளோடு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் ஒரு குட்டி விமானம், பின்னால் ஆள் உயர எழுத்துகளில் விளம்பரம். குழந்தைகள் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த பேனரோடு விமானம் ஓடுபாதையிலிருந்து கிளம்புவதில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பேனரின் கயிற்றைக் கட்டி வைத்திருப்பார்கள். விமானி கொக்கியைத் தொங்கவிட்டபடி தாழ்வாக வந்து, கயிறு மாட்டியதும் மூக்கைச் சட்டென்று மேலே தூக்கி, முழு வேகத்தில் எஞ்சினை முடுக்கி ஏற வேண்டும். அந்தச் சில நொடிகள்தான் கண்டம். வேகம் குறைந்து இறக்கை காற்றின் பிடியை இழந்தால், மூக்கைத் தாழ்த்தி மீள்வதற்கு உயரமே கிடையாது. சில சமயம் கொக்கி வாலிலேயே சிக்கிக்கொள்ளும்.

அப்புறம் மணிக்கணக்கில் அந்தப் பாரத்தை இழுக்க வேண்டும். மெதுவான வேகம், திணறும் எஞ்சின், குளிர்விக்கப் போதாத காற்று. எஞ்சின் நின்றால் பேனரைக் கழற்றிவிட்டு இடம் தேட ஒரு நிமிடம்கூட இருக்காது. கீழே கடற்கரை முழுக்க ஜனங்கள்.

இதே ஊரில் 2021 ஜூலையில் அப்படித்தான் எஞ்சின் மக்கர் செய்து, ஒரு பேனர் விமானம் பாலத்துச் சாலையில் கார்களுக்கு நடுவே இறங்கியது. யாருக்கும் காயமில்லை. ஓட்டியவருக்கு வயது 18!

அமெரிக்காவில் பெரிய ஏர்லைன் வேலைக்குப் பெரும்பாலும் 1500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். அதைச் சேர்க்கத்தான் இளம் விமானிகள் இந்த வேலைக்கு வருகிறார்கள். அனுபவம் குறைந்தவர்களிடமா இதைக் கொடுப்பது? மனசு ஒப்பவில்லை.

விமானம் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.